அரைச்சாண் தூரம்

எல்லோரும் பார்ப்பதற்காகக் கண்ணாடி போடுவார்கள். அவள் ஒன்றை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றுவாள்.

கழற்றி நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொண்டு, அந்தப் பொருளை மூக்குக்கு நேரே அரைச்சாண் தூரத்துக்குக் கொண்டுவருவாள். கொண்டுவர முடியாத பொருளென்றால் அவளே அதனிடம் போய்விடுவாள். வேங்கிக்காலில் எங்கள் கலெக்டர் ஆபீசுக்கு அவள் வேலைக்கு வந்த முதல் நாள், என் மேசைக்கு எதிரே நின்று பேரைச் சொன்னாள். பிறகு, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று குனிந்து, என் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"தூரத்துல இருந்து பாத்தா ஊதா. உள்ள சிவப்பு நூலும் நீல நூலும்தான் இருக்குது. ஊதா நூலே இல்ல" என்றாள்.

அந்தப் புடவையைப் பல வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அவள் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். எழுதாவிட்டாலும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். அந்தக் கண்ணாடி அப்படி. ஓரத்தில் பார்த்தால் விரல் தடிமன் இருக்கும். அதைப் போட்டிருக்கும்போது கண்கள் இரண்டும் சுருங்கி, எங்கோ உள்ளே இருப்பதுபோலத் தெரியும். கழற்றிவிட்டால் திடீரென்று பெரிய, அழகான கண்கள். ஆனால் அந்தக் கண்களை யாரும் நிதானமாகப் பார்த்ததில்லை. ஏனென்றால் அவை அரைச்சாண் தூரத்தில் வந்து நிற்கும். அந்தத் தூரத்தில் எதிராளி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

லென்ஸ் வைத்துக்கொள்ளக் கூடாதா, ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்காத ஆள் கிடையாது. லென்ஸ் வைத்துப் பார்த்தாளாம், கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்ததாம். ஆபரேஷனுக்கு டாக்டரே ஒத்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் கேட்பவர்களிடம் பொறுமையாகச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு இது பழகிடுச்சுங்க. கிட்ட வந்தா எல்லாம் தெரியும்" என்பாள்.

கிட்ட வந்தால் தெரியும் என்பதுதான் அவள் எதற்கும் சொல்வது. அது மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது என் முகத்தருகே வந்து பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"நேத்து ராத்திரி அழுதீங்களாக்கா?"

"இல்லையே."

"இமை ஓரம் தடிச்சிருக்குது. இமைமுடிங்க ரெண்டு ரெண்டா ஒட்டிக்கினு இருக்குது."

என் மகன் காலேஜை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த வாரம் அது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆபீசில் இருபது பேர் காலையிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி ஒருத்தி முகத்தில் வந்து தேடினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாவற்றையும் அவளிடம்தான் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டாள். காலேஜில் அவனுக்கு எந்தப் பாடம் பிடிக்கவில்லை, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், சாப்பிடும்போது என்ன பார்க்கிறான். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அப்பா இல்லை. அண்ணன் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். அவள் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்குக் கண்ணாடிதான் காரணம் என்று வீட்டில் நினைத்தார்கள். அவள் சொல்லும் காரணம் வேறு.

"ஒரு தடவை மாப்ள வீட்டுக்காரங்க வந்தாங்கக்கா. எங்கம்மா கண்ணாடியப் புடுங்கி உள்ள வெச்சிட்டாங்க. காபித் தட்டத் தூக்கினு வந்தேன். எதிர்ல வெள்ளையா நாலஞ்சு சட்டை தெரியுது. மூஞ்சி ஒண்ணும் தெரியல. பொண்ணைப் புடிச்சிருக்குதுன்னு சொல்லிட்டாங்க. உனக்கு புடிச்சிருக்காம்மான்னு பெரியவரு ஒருத்தரு கேட்டாரு. நான் இன்னா சொல்றது?"

"நீ என்ன சொன்ன?"

"மாப்ள யாருன்னு கேட்டேன். காட்டினாங்க. கொஞ்சம் கிட்ட வந்து பாத்துக்கட்டுமான்னு கேட்டேன். அவ்ளோதான், கெளம்பிட்டாங்க."

"பார்த்தியா அவரை?"

"பாத்தேன். எழுந்திருக்கறதுக்குள்ள போயிட்டேன்ல. மோவாய்ல ஷேவிங் பண்ண காயம் ஒண்ணு, அதுல பஞ்சு ஒட்டிக்கினு இருந்துச்சு. பாவமா இருந்துச்சு." இதைச் சிரிக்காமல்தான் சொன்னாள்.

ஒரு கார்த்திகை தீபத்தன்று எங்கள் இருவருக்கும் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி. சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் பாதை முழுக்க அரோகரா சத்தம். எல்லோரும் தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் இவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது ஒன்றைத்தான் அவள் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் வைத்துப் பார்த்து நான் கண்டது.

"உங்களுக்கு எம்மாம் பெருசு தெரியுது?" என்று கேட்டாள்.

"ஒரு பொட்டு அளவு."

"எனக்கு சாப்பாட்டுத் தட்டு அளவு தெரியுது. ஓரமெல்லாம் துடிக்குது." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாமி உங்களுக்குக் கம்மியாத்தான் குடுத்திருக்காரு" என்றாள்.

அந்தமானுக்குப் போனது அடுத்த தை மாதம். என் கணவரும் நானும் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவருக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. "உன் சிநேகிதியைக் கூட்டிட்டுப் போயேன்" என்றார். நான் கேட்டவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்க கடல் உள்ள தலைய விட்டுப் பாக்கலாமாமே?"

அவள் அண்ணன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டு, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"இன்னா மேடம், கண்ணு சரியில்லாத பொண்ணு. ரோடு தாண்டவே நான் பயப்படுறேன். நீங்க கடலுக்குக் கூட்டினு போறேன்றீங்க."

"நான் பாத்துக்கறேங்கண்ணா. கையை விட மாட்டேன்."

"டாக்டரு தலையில அடி படக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற தோலு கழண்டுக்குமாம். அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதாம்."

எனக்கு அது தெரியாது. அவளிடம் கேட்டால், "குதிக்கக் கூடாது, மோதிக்கக் கூடாது, அவ்ளோதான். மிதக்கலாம்" என்றாள். டாக்டரிடம் நானே பேசி உறுதி செய்துகொண்டேன். ஆனாலும் விமானத்தில் ஏறியதிலிருந்து அவள் கையை நான் விடவில்லை.

நாங்கள் போனது பெரிய தீவிலிருந்து படகில் போகிற ஒரு சின்னத் தீவு. அங்கே எங்களைக் கடலில் அழைத்துப்போனவர் தமிழர். நாற்பது வயதிருக்கும். அவர் தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து போய்த் தங்கிவிட்ட குடும்பம். கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கை எப்படி மாட்டுவது, குழாயை வாயில் கவ்விக்கொண்டு எப்படி மூச்சு விடுவது என்று கரையிலேயே சொல்லிக்கொடுத்தார். பிறகு அவளைப் பார்த்து, "அக்கா, கண்ணாடியைக் கழட்டிடுங்க" என்றார்.

எங்கள் இருவருக்கும் இது முன்பே தோன்றாமல் போனது எப்படி என்று இன்றுவரை புரியவில்லை. மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் கண்ணாடிக் காது நுழைந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பவர் வைத்த மாஸ்க் அவரிடம் இரண்டு இருந்தது. அவள் நம்பரைக் கேட்டதும் அவற்றைத் திரும்பப் பெட்டியில் போட்டார்.

"கழட்டிட்டா உங்களுக்கு மீனு தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றாள். "கிட்ட வந்தா தெரியும்."

"மீனு கிட்ட வராதுக்கா."

"பாக்கலாம்."

முதல் நாள் நாங்கள் இருவரும் ஒரே மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். தண்ணீருக்குள் முகத்தை வைத்த கணத்தில் நான் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். பச்சையும் இளஞ்சிவப்புமாய் ஒரு மீன் பல்லால் பாறையைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் கேட்டது. கீழே மான்கொம்பு போலப் பவளம், அதற்குள் நீல நிறத்தில் பொடி மீன் கூட்டம் ஒன்று ஒரே வீச்சில் நுழைந்து ஒரே வீச்சில் வெளியே வந்தது. தலையைத் தூக்கிய போதெல்லாம் நான் அவளுக்குச் சொன்னேன். நீலம், மஞ்சள் கோடு, என் கை நீளம் என்று. அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் கேள்வி கேட்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். அவள் கேள்வி கேட்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

கரைக்கு வந்ததும் அவர் விசாரித்தார். "எப்படி இருந்துச்சுக்கா?"

"நீலமா இருந்துச்சு. நடுவுல கறுப்பா வந்துச்சு, போச்சு" என்றாள். அன்று இரவு சாப்பாட்டுக்கு வந்த மீனின் கண்ணை எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கடல் வற்றியிருந்த நேரம். அவளே அவரிடம் போய்ப் பேசினாள். "பாறை மேல தண்ணி கம்மியா இருக்கற எடம் எது?" அவர் யோசித்து, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். மார்பளவு தண்ணீர், கீழே மணல். நடுவில் மாட்டுத்தொட்டி அளவு உருண்டைப் பவளப்பாறை. அதன் தலைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. அவள் வளையத்தின் மேல் கவிழ்ந்து, அந்தப் பாறைக்கு நேரே முகத்தை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை.

அப்போது எங்களோடு வந்திருந்த வேறு சிலர் ஆமை ஆமை என்று கையைக் காட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைத் தட்டினேன். தலையைத் தூக்காமல் கையை மட்டும் போ என்று ஆட்டினாள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறாள், காலை ஊன்றினால் நிற்கிற ஆழம். போனேன்.

ஆமையைப் பார்த்தேன். அது நிஜமாகவே அழகுதான். கிழவர் ஒருவர் அவசரமில்லாமல் வீட்டுக்குள் நடப்பதுபோல நீந்தியது. அதன் பின்னாலேயே எவ்வளவு தூரம் போனோமோ, திரும்பி வந்தபோது வளையம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

நான் அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். குழாய் வாயில் இருந்ததை மறந்து கத்தியதில் உப்புத்தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு திசையில் நீந்தினார். அங்கே அவளுடைய ஆரஞ்சு நிற ஜாக்கெட் தெரிந்தது. குப்புறக் கிடந்தாள். தலைமுடி விரிந்து மிதந்தது. கையோ காலோ அசையவில்லை. கடல் மெதுவாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கு அவள் அண்ணன் நின்றுகொண்டே பேசியது நினைவுக்கு வந்தது. அவரிடம் எந்த முகத்தோடு போவேன் என்று நினைத்தேன். அவள் போய்விட்டாள் என்றே நினைத்துவிட்டேன்.

அவர் போய்த் தோளைப் பிடித்துப் புரட்டினார். அவள் வாயிலிருந்து குழாயைத் துப்பினாள்.

"ஏங்க தூக்குறீங்க? இப்பதான் வெளிய வந்துச்சு."

அவர் எங்கள் ஊரில் சொன்னால் அடி விழுகிற ஒரு வார்த்தையைச் சொன்னார். நான் எப்படியோ நடந்தும் மிதந்தும் போய்ச் சேர்ந்து அவள் முதுகில் பளாரென்று அடித்தேன். ஜாக்கெட் மேல் பட்டதால் சத்தம்தான் வந்தது. பிறகு அழுதேன். அவளுடைய முழங்காலில் பவளம் கீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

"ஆடாம இருந்தாத்தான் வருது அக்கா" என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில். "வளையத்தோட நெழல் பட்டா உள்ள போயிடுது. அதான் விட்டுட்டேன். அந்தப் பாறையில எல்லாம் உள்ள போயிடுச்சு. பக்கத்துப் பாறைக்கு வந்தேன்."

"எது வருது?"

"வாங்க, காட்டறேன்."

என் கையைப் பிடித்துப் பாறைக்கு மேல் கொண்டுபோய், தன் முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தையும் வைக்கச் செய்தாள். அரைச்சாண் தூரம். நான் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தேன். மங்கலாகப் பழுப்பு நிறம். அதில் மஞ்சளாக ஏதோ. எனக்கு வெள்ளெழுத்து வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. படிக்கிற கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டைக்கூட நீட்டிப் பிடித்துத்தான் படிப்பேன். தள்ளிப் போய்ப் பார்த்தால் அந்த மஞ்சள் வெறும் புள்ளி. கிட்ட வந்தால் மங்கல்.

தலையைத் தூக்கி, "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தாள். கிட்டப் போயும் ஒருவருக்குத் தெரியாமல் போகும் என்பதை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. பிறகு சொன்னாள். விரல் நகத்தளவு. தென்னங்கன்று மாதிரி இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றும் சுருள்சுருளாய் மேலே போகிறது. ஒவ்வொரு சுருளிலும் ஓரத்தில் முடி. முடி தண்ணீரில் எதையோ துழாவுகிறது. நிழல் பட்டால் கண் இமைப்பதற்குள் உள்ளே போய் ஒரு சின்ன மூடி மூடிக்கொள்கிறது. அசையாமல் இருந்தால் மூடி முதலில் கொஞ்சம் திறக்கிறது, அப்புறம்தான் சந்தேகத்தோடு வெளியே வருகிறது. இரண்டும் ஒன்றாக வருவதில்லை. ஒன்று எப்போதும் முதலில்.

அந்த மனிதர் கேட்டுக்கொண்டே நின்றார். "அது புழுக்கா" என்றார். "உள்ள குழாய் கட்டிக்கிட்டு இருக்கும். வெளிய வர்றது அதோட செவுள் மாதிரி. ஆனா ஒண்ணு முதல்ல வருமான்னு நான் பாத்தது இல்ல."

"புழுவா?" அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "நம்ம பக்கம் கிடைக்குமா இது?"

"எங்க தாத்தா ஊர்ப் பக்கம், பாம்பன்கிட்டல்லாம் பவளம் இருக்குன்னு சொல்வாங்க. இருக்கும்க்கா."

மிச்சமிருந்த நாட்களில் அவள் வேறு எதையும் பார்க்கக் கேட்கவில்லை. நான் பவளப்பாறைகள் முழுவதும் சுற்றிவிட்டு வருவேன். அவள் அந்தப் பாறைமேலேயே கிடப்பாள். இந்த முறை வளையத்தின் கயிற்றைக் கழற்றி, ஒரு முனையை அவள் தன் இடுப்பிலும் இன்னொரு முனையை அவர் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார்கள். கரைக்கு வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அவள் நிறைய கேள்வி கேட்டாள். ஆமை கண்ணை மூடுமா? மீனுக்குப் பக்கத்து மீனைத் தெரியுமா? எனக்கு மறுநாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடிந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஆபீசில் எல்லோரும் போட்டோ கேட்டார்கள். ஆமைக்குப் பின்னால் நான் இருக்கும் படம் போன் போனாகச் சுற்றியது. அவள் இருக்கும் படங்களில் பின்மண்டை மட்டும்தான். "கடலுக்குப் போயி நீ என்னம்மா பாத்த?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "புழு" என்றாள். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதன் மூடியைப் பற்றிச் சொன்னாள்.

இரண்டு வருஷத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. எந்த ஊர் வேண்டுமென்று கேட்டார்கள். எங்கள் மாவட்டத்திலேயே இடமிருந்தும் ராமநாதபுரம் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் மறுபடி என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். "நீங்க கூட்டினு போனதுதான் மேடம் எல்லாத்துக்கும்" என்றார். திட்டுகிறாரா என்று பார்த்தேன். களைத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். காபி குடித்துவிட்டு, "அது இன்னா புழுவு மேடம்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

போன புதிதில் வாரம் ஒருமுறை போன் செய்வாள். அப்புறம் மாதம் ஒன்று. இப்போது பேசி வெகு நாளாகிறது. கடைசியாகப் பேசியபோது, அங்கே கடலில் பாசி எடுக்கிற பெண்களோடு பழக்கமாகிவிட்டதாகச் சொன்னாள். அவர்கள் போடும் நீச்சல் கண்ணாடி ஒன்றுக்குள் இவளுடைய பழைய கண்ணாடியின் வில்லைகளைப் பசை போட்டு ஒட்டித் தந்திருந்தார்களாம்.

"அப்போ தூரத்துல இருக்கிற மீனெல்லாம் தெரியுதா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"தெரியுதுக்கா." குரலில் உற்சாகம் இல்லை. "மொதல் நாள் போட்டுக்கினு எறங்கினேன். பாறை முடிஞ்சதும் கீழ பாத்தேன். தரை இல்ல. போயினே இருக்குது, கறுப்பா. அது மேல நான் தொங்கினு இருக்கேன். கத்திட்டேன். ரெண்டு பேரு வந்து இழுத்துனு போனாங்க."

"அய்யோ."

"அன்னைக்கு அந்தமான்ல வளையத்த விட்டேன்ல. அங்கயும் பக்கத்துல அப்படித்தான இருந்திருக்கும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. தெரிஞ்சும் எப்படிக்கா எறங்குனீங்க?"

ஆழத்தைப் பார்த்தது நினைவிருந்தது. பயந்தேனா என்பது நினைவில்லை.

"அப்புறம் போகவே இல்லையா?"

"ஒரு வாரம் போவல. இப்ப போறேன்."

"பயம் போயிடுச்சா?"

"இல்லக்கா. அந்த ஓரத்துக்குப் போனா கை சில்லுனு ஆயிடுது, காதுல என் மூச்சு மட்டும் கேக்குது. தெனமும் கொஞ்ச நேரம் அங்கயே இருந்துட்டு வர்றேன்." பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "அந்த பயம் இன்னான்னு இன்னும் சரியா பாக்கல."